டிஸ்க் வளையவில்லை

பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றிய காரில், சில வாரங்கள் கழித்து ஒரு நடுக்கம் தொடங்குவதுண்டு. நெடுஞ்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் பெடலை மிதித்தால் ஸ்டீயரிங் கையில் உதறும்; பெடலும் பாதத்தைத் தட்டும். 40இல் மிதித்தால் ஒன்றும் தெரியாது. யாரிடம் போய்ச் சொன்னாலும் ஒரே தீர்ப்பு: "டிஸ்க் பெண்ட் ஆயிருச்சு." பட்டறைக்காரர் அதைத்தான் சொல்கிறார், உதிரிபாகக் கடைக்காரர் அதைத்தான் சொல்கிறார், கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார். சூடேறி டிஸ்க் வளைந்துவிட்டதாம். லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் புது ஜோடி வாங்கிப் போட வேண்டும். இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பதே என் வாதம். நடுங்கும் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றில் டிஸ்க் வளைந்திருக்காது. டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அல்லது அதன் முகத்தில் பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் காரணம் பேடை மாற்றிய நாளில் செய்த வேலையிலும், அடுத்த சில நாட்கள் காரை ஓட்டிய விதத்திலும் கிடக்கிறது. தவறான தீர்ப்பினால் பணம் மட்டுமா போகிறது? உண்மையான கோளாறு உள்ளேயே உட்கார்ந்திருந்து புது டிஸ்க்கையும் அதே வழியில் கெடுக்கிறது.

முதலில் டிஸ்க் எதனால் ஆனது என்று பார்ப்போம். சாதாரணக் கார்களின் டிஸ்க் சாம்பல் வார்ப்பிரும்பு. ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸில் உருகும் இந்த உலோகத்தைப் பிரேக்குக்குத் தேர்ந்தெடுத்ததே, வெப்பத்தை வாங்கிப் பரப்பிவிடும் அதன் இயல்புக்காகத்தான். நகரத்தில் ஓடும் கார் ஒன்றின் டிஸ்க் 200 டிகிரியைத் தாண்டுவதே அரிது. மலைப்பாதையில் கதை வேறு. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த 1,900 மீட்டரை இறங்கும்போது இழக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட ஆறேமுக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்கின்றன. கியரைக் குறைக்காமல் காலாலேயே வண்டியைப் பிடித்து இறங்குபவரின் காரில் மீதி அனைத்தும் பிரேக்கின் தலையில்தான் விழும். டிஸ்க் 400, 500 டிகிரிவரை போகலாம். அப்போதும் நடப்பது என்ன? சூட்டில் டிஸ்க்கின் வளையம் விரிகிறது, நடுவே உள்ள தொப்பிப் பகுதி அவ்வளவு விரியாததால் வளையம் ஒரு பக்கமாக மிக ஆழம் குறைந்த கிண்ணம்போல் சாய்கிறது. ஆறியதும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. சுற்றிலும் சமமாகச் சாய்வதால் அது ஸ்டீயரிங்கை உதறவும் செய்யாது. மறுநாள் காலையில் ஆறிய காரில் உணரும் நடுக்கத்துக்கு நேற்றைய சூட்டின் வளைவைக் காரணம் காட்ட வழியில்லை. 2003இல் மறைந்த அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் கேரல் ஸ்மித், 'டியூன் டு வின்' நூலை எழுதியவர். பந்தயக் கார்களின் டிஸ்க் கன்றிச் சிவக்கும் சூட்டைப் பல பத்தாண்டுகள் அருகிலிருந்து பார்த்தவர். வெடித்த டிஸ்க்குகளையும் படிவு ஒட்டிய டிஸ்க்குகளையும் ஏராளமாகக் கண்டதுண்டு, வெப்பத்தால் வளைந்துபோன டிஸ்க் ஒன்றைக்கூடக் கண்டதில்லை என்று அவர் எழுதினார். பந்தயத்தின் சூட்டிலேயே வளையாதது, தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே எப்படி வளையும்?

சரி, வளையவில்லை என்றால் எது உதறுகிறது? இதற்குக் காலிப்பர் வேலை செய்யும் முறை தெரிய வேண்டும். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது மிதக்கும் காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அது உள்பேடைத் தள்ளும்போது காலிப்பரின் உடல் ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பேடை இழுத்து அழுத்தும். டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் சற்று ஆடினால், காலிப்பரும் அதோடு ஆடிக்கொடுத்துவிடும். அதாவது டிஸ்க் உண்மையிலேயே சிறிது வளைந்திருந்தாலும், தடிமன் எங்கும் ஒன்றாக இருக்கும்வரை, பின்கள் தாராளமாக நகரும்வரை, ஓட்டுநருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தடிமன் மாறினால் மட்டும் நிலைமை தலைகீழாகிறது. தடித்த இடம் பேடுகளுக்கு நடுவே வரும் ஒவ்வொரு முறையும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்; எண்ணெயின் அழுத்தம் ஏறும்; மெலிந்த இடம் வரும்போது இறங்கும். பிடிப்பு ஏறி இறங்க, சக்கரம் இழுத்து விடுகிறது. இதற்கு வேண்டிய வேறுபாடு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 0.02 மில்லிமீட்டரே போதும். ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. "பார்த்தாலே தெரியுதே, வளைஞ்சிருக்கு" என்று சொல்பவர் எதைப் பார்த்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 80, 90இல் மட்டும் உதறுவதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சிறிய காரின் டயர் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 13 முறை சுற்றும். 40இல் 6 முறை. முன்பக்கத் தொங்கலமைப்பும் ஸ்டீயரிங் இணைப்புகளும் இயல்பாகவே அதிரும் அதிர்வெண் நொடிக்குப் பத்து முதல் இருபது வரை இருப்பதால், 13இல் சிறிய தட்டல்கூடப் பெரிதாகிக் கைக்கு வருகிறது. லோயர் ஆர்ம் புஷ், டை ராடு எண்ட் தேய்ந்த காரில் அது இன்னும் பெரிதாகும்.

இந்தத் தடிமன் வேறுபாடு பேடை மாற்றியபின் ஏன் வருகிறது என்பதுதான் கட்டுரையின் உயிர்நாடி. பேடை மட்டும்தானே மாற்றினோம், டிஸ்க்கைத் தொடவே இல்லையே என்பார்கள். தொட்டிருக்கிறார்கள், தெரியாமல். பல கார்களில் டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிப் பிடித்திருப்பவை வீல் நட்டுகள்தான். சிறு திருகு ஒன்றோ இரண்டோ இருந்தாலும் அது துருப்பிடித்து உடைந்து என்றோ காணாமல் போயிருக்கும். சக்கரத்தைக் கழற்றிய மறுகணம் டிஸ்க் தளர்கிறது; காலிப்பரைத் தட்டி எடுக்கும்போது அசைகிறது; தொப்பியின் உள்ளே பல ஆண்டுகளாகச் சேர்ந்த துருச்செதில் உதிர்ந்து டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே விழுகிறது. அதன்மேலேயே சக்கரத்தை வைத்து இறுக்குகிறோம். ஹப் முகத்தின் விட்டம் 130 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஓரத்தில் மாட்டிய செதிலின் தடிமன் 0.05 மில்லிமீட்டர். அந்தச் சாய்வு 230 மில்லிமீட்டர் விட்டத்தில், அதாவது பேடு உரசும் இடத்தில், 0.09 மில்லிமீட்டர் பக்கவாட்டு ஆட்டமாக விரிகிறது. பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் உச்சம் 0.05 முதல் 0.10 வரை, ஒரே ஒரு செதில் அந்த எல்லையைத் தின்றுவிட்டது. வீல் நட்டை வரிசை மாற்றி, ஒரு பக்கமாகவே இறுக்கினாலும், ஒன்றை ஏறி மிதித்து மற்றொன்றைக் கையால் மட்டும் இறுக்கினாலும் விளைவு இதுதான். சிறிய, நடுத்தரக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும்; டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கி அதைப்போல இருமடங்கு கொடுப்பதும் உண்டு, அதுவும் நட்டுக்கு நட்டு வேறுவேறாக. இப்படி ஆடும் டிஸ்க் முதல்நாளே உதறாது. பிரேக்கை மிதிக்காமல் ஓடும் நேரத்தில், ஒவ்வொரு சுற்றிலும் வெளியே நீட்டியிருக்கும் பகுதி பேடை லேசாக உரசிச் செல்லும். ஆயிரம் கிலோமீட்டர், மூவாயிரம் கிலோமீட்டர் என்று ஓட ஓட அந்த இடம் மட்டும் மெலியும். நடுக்கம் வரும்போது பேடு மாற்றிய நாள் மறந்தே போயிருக்கும். கடைசியாகப் போன மலைப்பயணம்தான் நினைவில் இருக்கும்; பழி சூட்டின்மேல் விழுகிறது.

இரண்டாவது வழி, படிவு. பிரேக் என்றால் பேடு டிஸ்க்கைச் சுரண்டித்தான் நிறுத்துகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான் அது. நன்றாக வேலை செய்யும் பிரேக்கில், பேடின் பொருள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக டிஸ்க்கின்மேல் ஒட்டியிருக்கும். பேடு பெரிதும் அந்தப் படலத்தைப் பற்றியே பிடிக்கிறது. புதுப் பேடு போட்ட காரில் அந்தப் படலம் இன்னும் உருவாகவில்லை, அல்லது முந்தைய பேடின் வேறு கலவையில் உருவானது கிடக்கிறது. "பேட் செட் ஆகட்டும்" என்று பட்டறைகளில் சொல்வது இதற்குத்தான். ஆனால் எப்படிச் செட் ஆக்குவது என்று சொல்லித் தருவோர் குறைவு. புதுப் பேடோடு அன்றே வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். வால்பாறைப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. இறங்கும்போது பேடின் பிசின் முதன்முறையாக உச்சச் சூட்டைப் பார்க்கிறது. அந்த நிலையில் சோதனைச் சாவடியிலோ டீக்கடை வாசலிலோ நிறுத்தி, காலைப் பெடலிலேயே ஊன்றிக்கொண்டிருந்தால், பேடு தொட்டிருக்கும் அந்த ஒரு துண்டில் மட்டும் பொருள் முத்திரை குத்தியதுபோல் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றும்போது அந்த இடம் வந்தாலே பிடி கூடும், சூடு கூடும், மேலும் ஒட்டும். அவ்விடத்தின் சூடு 650, 700 டிகிரியைத் தொட்டுவிட்டால் வார்ப்பிரும்பே மாறி, சிமென்டைட் என்ற மிகக் கடினமான இரும்புக் கார்பைடு ஆகிறது. அதன்பின் அது தேயாது; சுற்றியுள்ள இரும்பு மட்டும் தேயும். சாதாரணக் காரில் இது அரிதுதான், ஆனால் ஸ்லைடு பின் இறுகிப்போய் ஒரு பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும் காரில் அவ்வளவு அரிதில்லை. பேடை மாற்றும்போது பின்களைக் கழற்றிப் பார்க்காதவர்கள், பார்த்தாலும் கையில் கிடைத்த சாதாரண கிரீஸைத் தடவுபவர்கள் இதற்கு வழிவகுக்கிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் பிரேக்கின் ரப்பரை உப்பவைக்கும். உப்பிய ரப்பர் பின்னைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கோன் கிரீஸ் ஒன்றும் பெரிய விலையில்லை.

இனி மறுதரப்பின் வாதங்களுக்கு வருவோம். அவற்றில் வலுவானது இது: "லேத்தில் சீவினால் நடுக்கம் நின்றுவிடுகிறதே, வளையாததை எப்படிச் சீவி நேராக்க முடியும்?" நிற்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் லேத் என்ன செய்தது? மெலிந்த இடத்தின் மட்டத்துக்கு மற்ற இடங்களையும் சீவித் தடிமனைச் சமமாக்கியது; படிவையும் உரித்து எடுத்தது. உதறலின் உடனடிக் காரணம் போனதால் உதறல் போனது. டிஸ்க் வளைந்திருந்தது என்பதற்கு இதில் சாட்சியம் ஒரு துளியும் இல்லை. இதே சிகிச்சை சில ஆயிரம் கிலோமீட்டரில் தோற்றுப்போவதைக் கவனியுங்கள். சீவிய டிஸ்க் மீண்டும் அதே ஹப்பின்மேல், அதே துருவின்மேல் உட்காருகிறது; மீண்டும் அதே ஆட்டம், மீண்டும் அதே இடத்தில் தேய்மானம். உடனே, "ஒருமுறை வளைஞ்ச டிஸ்க் மறுபடி வளையும்" என்று இன்னொரு தீர்ப்பு, புது டிஸ்க். அதுவும் அதே ஹப்பில் உட்கார்ந்து உதறினால், "லோக்கல் மால்." ஒரு தவறான காரணம் தோற்கத் தோற்க அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொரு காரணம் பிறக்கிறது, ஹப்பை மட்டும் யாரும் துடைப்பதில்லை. சீவுவதால் வரும் கேடு வேறு. டிஸ்க்கின் ஓரத்திலோ தொப்பியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். புது டிஸ்க்குக்கும் அந்த அளவுக்கும் இடைவெளி பல கார்களில் 2 மில்லிமீட்டர்தான். இரண்டு முகத்திலும் சீவினால் அந்த இருப்பு கரைகிறது. இரும்பு குறைந்த டிஸ்க் அதே பிரேக்கில் முன்னைவிட அதிகம் சூடாகும். வளைவுக்குச் சூடுதான் காரணம் என்று நம்புபவர்கள், சூட்டைக் கூட்டும் சிகிச்சையையே பரிந்துரைப்பது அவர்கள் வாதத்துக்குள்ளேயே பொருந்தவில்லை.

அடுத்தது, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ். "நாங்கள் கண்ணை நம்பவில்லை, கேஜ் வைத்தே அளந்தோம், 0.12 ஆடுது" என்பவர்கள் இருக்கிறார்கள். அளப்பவரை மதிக்கிறேன், பத்தில் ஒன்பது பேர் அதுகூடச் செய்வதில்லை. ஆனால் காரில் மாட்டிய டிஸ்க்கின்மேல் வைத்த கேஜ், டிஸ்க்கை மட்டும் அளப்பதில்லை. ஹப், ஹப் பேரிங், நடுவில் மாட்டிய செதில், நட்டின் முறுக்கு எல்லாமும் சேர்ந்த கூட்டுத்தொகைதான் அந்த முள்ளில் தெரிகிறது. பிரித்தறிய எளிய வழி உண்டு. எல்லா நட்டுகளையும் வாஷர் வைத்துச் சமமாக இறுக்கி அளந்து, முள் உச்சம் காட்டும் இடத்தை டிஸ்க்கிலும் ஹப் போல்ட்டிலும் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். உச்சம் டிஸ்க்கின் குறியோடு நகர்ந்து வந்தால் குற்றம் டிஸ்க்கில் இருக்கிறது. பழைய போல்ட்டிடமே நின்றால் ஹப்பில். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் டிஸ்க்கைக் குற்றவாளியாக்குவது, அளவுகோல் கையில் இருந்தும் கண்ணை மூடிக்கொள்வதே. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, டிஸ்க் தொப்பியின் உள்முகத்தையும் தேய்த்து, துணியால் துடைத்துத் திரும்ப மாட்டினாலே பல கார்களில் ஆட்டம் எல்லைக்குள் வந்துவிடும். பழைய டிஸ்க்காகவே இருக்கட்டும், கவலையில்லை.

தண்ணீர் வாதம் நம் ஊரில் மிகவும் ஆழமாக வேரூன்றியது: சூடான டிஸ்க்கில் மழைத்தண்ணீர் பட்டால் வளைந்துவிடுமாம். ஓடும் காரில் டிஸ்க் நொடிக்குப் பல முறை சுற்றுகிறது. தேங்கிய நீரைக் கடந்தாலும் தண்ணீர் சுற்றிலும் ஏறக்குறைய ஒரே சீராகவே படுகிறது. அப்படி வளையும் பொருளாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையின் கார்கள் எல்லாமே உதறிக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் இந்த வாதத்தில் ஒரு சிறு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மலையிலிருந்து இறங்கிய சூட்டோடு நேரே வாட்டர் வாஷுக்குப் போய், நின்ற சக்கரத்தின் ஒரே பக்கத்தில் பீய்ச்சி அடித்தால் வெப்ப அதிர்ச்சியில் மயிரிழை வெடிப்புகள் விடலாம். அதேபோல, வார்த்தபின் உள்தகைவு சரியாகத் தணிக்கப்படாத மட்டமான டிஸ்க்குகள் சில சூட்டுச் சுழற்சிகளில் உண்மையிலேயே சிறிது உருமாறக்கூடும். கீழே விழுந்தோ சுத்தியல் அடிபட்டோ கோணலான டிஸ்க்கும் உண்டு. இவை இருக்கின்றன என்பதை ஏற்கிறேன். இவை எப்போதாவது நேர்பவை என்பதையும், அளந்து பார்த்தால் மட்டுமே மற்றவற்றிலிருந்து பிரித்தறியக்கூடியவை என்பதையும் மறுதரப்பு ஏற்க வேண்டும்.

இன்னொரு எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. "தவறு வேலையில்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள்; அப்படியானால் வீட்டில் பேடு மாற்றுவதே தப்பு என்று ஆகிறதே?" ஆகாது. மேலே சொன்ன தவறுகளில் எது வீட்டுக்கே உரியது? ஹப்பைத் துடைக்காமல் மாட்டுவது, பின்னைக் கழற்றாமல் விடுவது, காற்றுத் துப்பாக்கியால் நட்டை இறுக்குவது, பேடைப் பழக்காமல் காரை ஒப்படைப்பது எல்லாம் நாளுக்குப் பத்துக் கார் முடிக்க வேண்டிய இடத்தில்தான் அதிகம் நடக்கும். வீட்டில் செய்பவருக்கு இல்லாதது பயிற்சி, இருப்பது நேரம். ஹப்பைத் தேய்க்கும் இருபது நிமிடத்துக்குப் பட்டறை யாரிடமும் கூலி கேட்க முடியாது. வீட்டில் செய்பவருக்கு அந்த இருபது நிமிடம் சும்மா கிடைக்கிறது. அதே நேரத்தில் ஓர் எல்லையைக் கறாராக வகுக்க வேண்டும். இங்கே நான் பேசுவது நடுக்கத்தைப் பற்றி மட்டுமே. பேடு மாற்றியபின் பெடல் தரைவரை போவது, பஞ்சுபோல் அமுங்குவது, பிரேக் எண்ணெய் கசிவது, வண்டி ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் வேறு வகை. அவை ஆளைக் கொல்லும் வகை. பிஸ்டனை உள்ளே தள்ளியபின் முதல் சில மிதிப்புகளில் பெடல் கீழே போவது இயல்பு; கார் நகரும் முன்பே, நின்ற நிலையில், பெடல் உறுதியாகும்வரை மிதித்துவிட வேண்டும். உறுதியாகவில்லை என்றால் அந்தக் கார் வாசலைத் தாண்டக் கூடாது. பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில் ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கலாம். அதன் பிஸ்டனை நேராக அமுக்கினால் உடையும், திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மின்சார ஹேண்ட் பிரேக் என்றால் அதற்குரிய சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் கைவைக்கவே கூடாது. இந்த விவரங்கள் தெரியாதவர் பட்டறைக்குப் போவதுதான் நியாயம்.

நடுக்கம் வந்துவிட்ட கார் கையில் இருப்பவர் என்ன வரிசையில் தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பெண்ட்" என்ற ஒற்றைச் சொல்லோடு தேடல் முடிந்துபோவதுதான் என் கோபத்துக்கே காரணம். பிரேக்கைத் தொடாதபோதும் உதறினால் அது வீல் பேலன்ஸ் அல்லது டயர், பிரேக்குக்குச் சம்பந்தமில்லை. அவசரமாக, ஈரச் சாலையில் முழுப்பலத்தோடு மிதிக்கும்போது மட்டும் பெடல் படபடவென்று உதைத்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது; 2019 ஏப்ரலுக்குப்பின் நம் நாட்டில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் அது உண்டு. ஸ்டீயரிங் உதறினால் முன்சக்கரத்தைப் பாருங்கள். இருக்கை உதறினால் பின்சக்கரம். காலியான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில், பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்தால் பின்பக்க டிரம்மா என்று தெரிந்துவிடும். முன்சக்கரம்தான் என்றால் கழற்றி, பின்கள் இரண்டும் விரலால் நகர்கின்றனவா, பேடு அதன் பிராக்கெட்டில் இறுகாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். பழைய தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் எடுங்கள். அதை மூச்சில் இழுப்பது நல்லதில்லை. பிறகு ஹப் முகம், பிறகு டயல் கேஜ், பிறகு மைக்ரோமீட்டர். ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே, சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்க வேண்டும். வெர்னியர் இதற்கு உதவாது. அதன் நுணுக்கமே 0.02 மில்லிமீட்டர், தவிர டிஸ்க்கின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பு அதை ஏமாற்றும். தடிமன் சமமாக இருந்து, முகத்தில் மட்டும் நீலமோ கருமையோ படிந்த திட்டுகள் தெரிந்தால் எமரித் தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, பேட் முகத்தையும் லேசாகத் தேய்த்து, புதிதாகப் பழக்கிவிடலாம். பழக்குவது என்றால் பேட் தயாரிப்பாளர் தந்த முறைக்கே முதலிடம். அப்படி ஒன்று தரப்படவில்லை என்றால், காலியான சாலையில் 60இலிருந்து 10வரை மிதமாக வேகத்தைக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, எட்டுப் பத்து முறை செய்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு மலைப்பாதை வேண்டாம். எப்போதுமே மலை இறங்கி நின்றதும் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். சமதரையில் கியரில் நிற்கட்டும்.

தடிமன் எல்லை மீறி மாறியிருந்தால், கடினத் திட்டுகள் தேய்க்கத் தேய்க்கப் போகாமல் நின்றால், குறைந்தபட்ச அளவை எட்டிவிட்டால், டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். அதில் தகராறு இல்லை. மாற்றும்போது ஹப்பைத் தேய்த்து, ஆட்டத்தை அளந்து, நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக டார்க் ரெஞ்சால் இறுக்கி மாற்ற வேண்டும்; இல்லையென்றால் அடுத்த ஆண்டு இதே கதைதான். சாதாரண டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் சேர்ந்து பல கார்களுக்கு ஒரு ஜோடி டிஸ்க்கின் விலையைத் தாண்டாது என்பதால், செலவைக் காட்டி அளக்காமல் விடுவதற்கு எந்தப் பட்டறைக்கும் நியாயமில்லை. 1962இலிருந்து சென்னையின் பாடியில் பிரேக்ஸ் இந்தியா இயங்கிவருகிறது, அம்பத்தூரில் ரானேயின் பிரேக் லைனிங் ஆலை இருக்கிறது. மைக்ரான் அளவுகளை அன்றாடம் புழங்கும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் இந்த ஊரில், அளவே எடுக்காமல் ஒரு டிஸ்க்கைக் குப்பையில் போடச் சொல்வதை ஏற்றுக்கொள்ள முடியாது.

ஆகவே உங்கள் காரைப் பார்த்து டிஸ்க் வளைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், மூன்று எண்களைக் கேளுங்கள். டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் எவ்வளவு, ஹப்பின் ஆட்டம் எவ்வளவு, எட்டு இடத்தில் எடுத்த தடிமனில் பெரியதற்கும் சிறியதற்கும் வேறுபாடு எவ்வளவு. மூன்றையும் எழுதித் தரும்வரை லேத்துக்கும் சம்மதிக்காதீர்கள், புது டிஸ்க்குக்கும் பணம் கொடுக்காதீர்கள்.